ஓய்வூதியத்தைத் தனியாரிடம் கொடு என்பவர்களின் கணக்கு என்ன?

கனகராயன் (கிளிநொச்சி) எழுதியது:

அம்மாவின் வாழ்க்கைச் சான்றிதழில் கிராம அலுவலரின் ஒப்பத்தைப் பெற்றுக்கொண்டு கடந்த வாரம் பிரதேச செயலகத்துக்குச் சென்றிருந்தேன். வாங்கிலில் எங்களுக்கு அருகே அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "இந்தப் பென்சன் எல்லாம் இன்னும் பத்து வருடத்துக்குத்தான், பிறகு எல்லாம் கம்பனிகளின் கைக்குப் போய்விடும்" என்று யாரிடமும் சொல்லாததுபோலச் சொன்னார். அம்மா அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் தன் பைலை எடுத்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தார்.

அந்தப் பெரியவர் சொன்னது நடக்குமா என்பதை நான் இங்கே கேட்க வரவில்லை. முதியோர் தொகை பெருகுகிறது, வரி கட்டுவோர் குறைகிறார்கள், திறைசேரியால் சுமக்க இயலாது என்ற பொருளாதாரக் காரணங்களைப் பத்திரிகைகளில் நாம் எல்லோரும் வாசித்திருக்கிறோம். அந்தக் காரணங்கள் பொய்யென்றும் நான் சொல்லவில்லை. எனினும், கணக்கு உதைக்கிறது என்றால் வயதெல்லையை மாற்றலாம், பங்களிப்பைக் கூட்டலாம், கொடுப்பனவைச் சற்றுக் குறைக்கலாம். இவை எல்லாம் அரசின் கையிலேயே இருக்கும் வழிகள். இவற்றை விட்டுவிட்டு, தனிநபர் கணக்குகளாகப் பிரித்துத் தனியார் நிதி முகாமையாளரிடம் ஒப்படைப்பதே வழி என்று ஒரு சாரார் ஏன் அடம்பிடிக்கிறார்கள்? அங்கே கணக்கைத் தாண்டிய ஓர் அரசியல் இருக்கிறது என்பது என் எண்ணம். அதைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன்.

முதல் உதாரணம் சிலி. அங்கு பினோசேயின் இராணுவ ஆட்சியில், தொழில் அமைச்சராக இருந்த ஹோசே பின்யேரா கொண்டுவந்த திட்டம் 1981 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளி தன் சம்பளத்தில் 10 சதவீதத்தைத் தனியார் நிறுவனம் ஒன்றில் தன் பெயரில் உள்ள கணக்கில் இட வேண்டும், அத்தோடு முகாமைக் கட்டணத்தையும் செலுத்த வேண்டும். முதலாளியின் பங்களிப்பு நீக்கப்பட்டது. அப்போது அங்கே பாராளுமன்றம் இல்லை, தொழிற்சங்கங்களின் வாய் கட்டப்பட்டிருந்தது. இராணுவமும் பொலிசும் மட்டும் இந்தத் திட்டத்தில் சேரவில்லை. அவர்களுக்குப் பழைய ஓய்வூதியமே தொடர்ந்தது. நாட்டுக்கே நல்லதென்று மருந்தைக் காய்ச்சியவர்கள் தாங்கள் அதைக் குடிக்கவில்லை.

பழைய இலிகிதர் எழுதியது:

தம்பி கனகராயன் நல்ல நூலைப் பிடித்திருக்கிறார். முப்பத்திரண்டு வருடங்கள் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கோப்புகளோடு சீவித்தவன் என்ற முறையில், அந்த நூலின் மறுமுனையை நான் காட்டுகிறேன்.

ஓய்வூதிய மாற்றம் எந்த நாட்டில் வந்தாலும் அறிவித்தலில் ஒரு வாக்கியம் தவறாமல் இருக்கும்: இன்று ஓய்வூதியம் பெறுவோருக்கோ, ஓய்வை அண்மித்தவர்களுக்கோ எந்தப் பாதிப்பும் இல்லை. 2005இல் அமெரிக்க ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ், 'சமூகப் பாதுகாப்பு' என்ற அந்நாட்டு அரச ஓய்வூதியத் திட்டத்துக்கான வரியில் 4 சதவீதப் புள்ளிகள் வரை தனிநபர் கணக்குக்குத் திருப்பலாம் என்ற திட்டத்தை முன்வைத்தபோது, 55 வயதைக் கடந்தவர்களுக்கு எதுவும் மாறாது என்று ஊர் ஊராகச் சென்று சொன்னார். இந்தியாவில் 2004 சனவரி 1 முதல் மத்திய அரசில் புதிதாகச் சேர்வோருக்குத்தான் புதிய ஓய்வூதியத் திட்டம். தமிழ்நாடு அதற்கு முன்பே 2003 ஏப்ரலில் அதே வழியில் சென்றது. இந்தியாவிலும் ஆயுதப் படைகளுக்கு விலக்கு உண்டு என்பதைத் தம்பியின் சிலி உதாரணத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் நாட்டில் 2016 சனவரிக்குப் பின் அரச சேவையில் சேர்ந்தவர்களின் நியமனக் கடிதங்களில், அவர்களுடைய ஓய்வூதியம் அரசாங்கம் பின்னர் எடுக்கும் கொள்கைத் தீர்மானத்துக்கு உட்பட்டது என்ற பொருளில் ஒரு பந்தி சேர்க்கப்பட்டது. அது 2020இல் விலக்கப்பட்டது.

இந்த வாக்கியத்தைக் கருணை என்று நினைப்பது தவறு. இன்று ஓய்வூதியம் பெறுபவருக்கு வாக்கு உண்டு, சங்கம் உண்டு, கச்சேரிக்கு முன்னால் வந்து நிற்பதற்கு நேரமும் உண்டு. நாளைக்கு வேலையில் சேரப்போகின்றவனுக்குச் சங்கம் கிடையாது. அவன் இன்னும் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். எதிர்க்கக்கூடியவனை ஒதுக்கி வைத்துவிட்டு, எதிர்க்க முடியாதவனிடம் எடுப்பதுதான் அந்த வாக்கியத்தின் வேலை.

இது என் கற்பனையும் அன்று. 1983இல் தனியார்மயத்தை ஆதரிக்கும் அமெரிக்க ஆய்வு நிறுவனமான காடோவின் சஞ்சிகையில் ஸ்டுவர்ட் பட்லர், பீட்டர் ஜெர்மானிஸ் என்ற இருவர், சமூகப் பாதுகாப்பைத் தனியார்மயமாக்குவதற்கு 'லெனினிய உத்தி' வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். இப்போது ஓய்வூதியம் பெறுவோருக்கு உறுதி கொடுத்து அவர்களை அமைதிப்படுத்துங்கள், இளையோரிடம் தனிநபர் சேமிப்புக் கணக்குகளைப் பரப்புங்கள், அந்தக் கணக்குகளால் வியாபாரம் பெறக்கூடிய வங்கிகளையும் காப்புறுதிக் கம்பனிகளையும் கூட்டாளிகளாக்குங்கள், அடுத்த நெருக்கடி வரும்வரை காத்திருங்கள் என்பதே அதன் சாரம். பொருளியல் பற்றிய கட்டுரை என்பதைவிட, ஓர் ஆதரவுக் கூட்டத்தைக் கலைத்து இன்னோர் ஆதரவுக் கூட்டத்தைக் கட்டுவது பற்றிய கட்டுரை என்பதே அதற்குப் பொருத்தம்.

1935இல் அந்தச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்த ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டும் அரசியல் கணக்கோடுதான் செய்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொழிலாளியின் சம்பளத்திலிருந்து வரி பிடித்தால், அது தன் உரிமை என்று அவன் எண்ணுவான். பின்னால் வரும் எந்த அரசியல்வாதியாலும் அதைத் தூக்கியெறிய முடியாது என்பது அவருடைய எண்ணமாக இருந்தது. கட்டியவர் அரசியலால் கட்டினார், இடிக்க வந்தவர்களும் அரசியலால்தான் இடிக்கப் பார்த்தார்கள். 2005இல் அது இடியவில்லை. புஷ்ஷின் சொந்தக் கட்சியினரே தேர்தல் பயத்தால் பின்வாங்கினார்கள்.

கரைச்சி இளையவன் எழுதியது:

பெரியவர்களுக்கு மரியாதையோடு மறுத்துப் பேசுகிறேன். நீங்கள் சொல்லும் கதையில் அரசு காவலாளியாகவும் கம்பனி கள்வனாகவும் வருகின்றன. தனியார்துறை ஊழியர்களின் ஓய்வுகாலச் சேமிப்பான எங்கள் சேமலாப நிதிக்கு நடந்தவற்றைப் பார்த்தால் அவ்வளவு எளிதாகப் பிரிக்க முடியவில்லை.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 சதவீதமும் முதலாளி 12 சதவீதமும் செலுத்துகிறார்கள். பணத்தை முதலீடு செய்வது மத்திய வங்கி. 2015, 2016இல் நடந்த முறி (அரசின் கடன் பத்திரம்) விவகாரத்தில், இரண்டாம் நிலைச் சந்தையில் அதிக விலைக்கு முறிகளை வாங்கி நட்டப்பட்டவற்றுள் இந்த நிதியும் இருந்தது. அதற்கு முன்னர் பங்குச் சந்தையில் செய்த கொள்வனவுகள் பற்றியும் கேள்விகள் எழுந்தன. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது, வங்கிகளின் முறிகளைத் தொடாமல் ஓய்வுகால நிதிகளின் முறிகளையே மாற்றினார்கள்: 2025 வரை 12 சதவீத வட்டி, அதன்பின் 9 சதவீதம். சம்மதிக்காவிட்டால் நிதியின் வருமானத்தின் மீது 14 சதவீத வரிக்குப் பதிலாக 30 சதவீதம் என்ற மிரட்டலும் சேர்ந்து வந்தது. உறுப்பினர்களுக்கு 9 சதவீதத்துக்குக் குறையாமல் வட்டி உண்டு என்று உறுதி சொன்னார்கள். 2022இல் விலைவாசி ஏறிய வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த 9 சதவீதம் எப்படித் தெரிந்திருக்கும்?

என் பணத்தை எங்கே போடுவது என்று என்னிடம் யாராவது கேட்டார்களா? தனியார் முகாமையாளர் என்றால் பிடிக்காதபோது வேறொருவரிடம் மாறலாம். மத்திய வங்கியை விட்டு நான் எங்கே மாறுவது?

கனகராயன் எழுதியது:

இளையவனின் கோபம் நியாயமானது. வங்கிகளின் பலம் எங்கே, சேமலாப நிதி உறுப்பினர்களின் பலம் எங்கே என்பதை 2023 காட்டிவிட்டது. ஆனால் அந்தக் கோபமே தனியார்மயத்துக்கு எரிபொருளாகிறது என்பதைக் கவனியுங்கள். முதலில் பொது நிதியைக் கைச்செலவுப் பெட்டிபோல நடத்துவது, பிறகு 'பாருங்கள், அரசிடம் இருந்தால் இப்படித்தான்' என்று சொல்வது. இரண்டையும் ஒரே ஆள் செய்யவேண்டும் என்பதில்லை. ஒருவர் செய்ததை மற்றவர் பயன்படுத்தினாலே போதும்.

ஒட்டுசுட்டான் வாசி எழுதியது:

நீங்கள் எல்லோரும் பென்சனும் சேமலாப நிதியும் உள்ள வீடுகளில் இருந்து பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்தில் வயலும் மாடும் உள்ளவனுக்கு இரண்டும் இல்லை. விவசாயிகளுக்கு 1987இல் ஓய்வூதியத் திட்டம் ஒன்று வந்தது. ஐயா பங்களிப்புக் கட்டிய சிட்டைகளைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். பின்னர் நிதி வற்றிக் கொடுப்பனவு நின்றது, 2014இல் மீண்டும் தொடங்கியது. கிடைத்த தொகை உரப் பை ஒன்றின் விலைக்கும் காணாது. ஆகவே தனியாருக்குக் கொடுப்பதா அரசிடம் வைப்பதா என்ற உங்கள் சண்டை எங்களுக்குத் தூரத்து இடிமுழக்கம்.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். நாட்டில் ஏழு இலட்சத்துக்கு அண்மித்த அரச ஓய்வூதியர்களைக் காட்டி, 'இவர்களுக்கு மட்டும் ஏன்?' என்று எங்களைப் போன்றவர்களைத் தூண்டிவிடுவதும் நீங்கள் சொல்லும் அந்த அரசியலில் சேர்த்தியா? ஏனென்றால் அந்தக் கேள்வி எனக்கும் வருவதுண்டு. அது வரும்போது, எங்களுக்கும் கொடு என்று ஒருவனும் சொல்வதில்லை; அவர்களுக்கும் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள்.

பழைய இலிகிதர் எழுதியது:

சேர்த்திதான் அண்ணை. இந்த இழையிலேயே அதி முக்கியமான கேள்வியை நீங்கள்தான் கேட்டிருக்கிறீர்கள். இளையோரை முதியோரிடமிருந்து பிரிப்பது ஒரு வகை. உள்ளவரை இல்லாதவரிடமிருந்து பிரிப்பது இன்னொரு வகை.

மல்லாவி ரீச்சர் எழுதியது:

நான் எழுதுவது கொஞ்சம் நீண்டுவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2008 இறுதியில் கிளிநொச்சியிலிருந்து புறப்பட்டோம். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன் என்று ஒவ்வொரு இடத்திலும் எதையாவது விட்டுவிட்டே நகர்ந்தோம். உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றியவற்றில் பாதி விசுவமடுவோடு போயிற்று, தையல் மெசினை உடையார்கட்டில் ஒரு பூவரசுக்குக் கீழே விட்டோம். கடைசிவரை என் மடியில் இருந்தது நீலநிற பிஸ்கட் ரின் ஒன்று; அதற்குள் பொலித்தீன் பையில் சுற்றிய அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், கணவரின் நியமனக் கடிதம், என் சேவைப் பதிவின் பிரதி, புலிகள் நடத்திய வங்கியான தமிழீழ வைப்பகத்தின் புத்தகம் ஒன்று. மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் ஒரு பங்கருக்குள் தண்ணீர் ஏறியபோது அந்த ரின்னும் நனைந்தது. நியமனக் கடிதத்தின் மை ஊறி அடுத்த தாளில் பதிந்துவிட்டது.

செட்டிகுளம் முகாமுக்கு வந்த பிறகு என் கணவர் இல்லை. அவருடைய விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க என்னிடம் இருந்தது, எழுத்துத் தெரியாத ஒரு தாள். ஆனால் மாளிகாவத்தையில் உள்ள ஓய்வூதியத் திணைக்களத்தில் அவருடைய இலக்கம் இருந்தது. மாதங்கள் போயின, நான்கு தரம் கடிதம் எழுதினேன், இறப்புச் சான்றிதழுக்கு அலைந்த அலைச்சல் தனிக் கதை. கடைசியில் பணம் வந்தது. வைப்பகப் புத்தகத்தில் இருந்த எங்கள் வீடுகட்டும் பணம் வரவில்லை. அதைக் கேட்பதற்கு ஒரு கதவும் இருக்கவில்லை. கழுத்தில் காதில் கிடந்த நகையும் அப்படியே.

இதை வைத்து அரசு நல்லது என்று சொல்ல வரவில்லை. எங்கள்மீது எறிகணை எறிந்ததும் அதே அரசுதான். ஓமந்தைக்கு அப்பால் புலிகளின் நிர்வாகம் நடந்த காலத்திலும் கச்சேரியும் ஆசிரியர் சம்பளமும் ஓய்வூதியமும் பிந்தியும் தட்டுப்பட்டும் வந்துகொண்டே இருந்தன. எங்களோடு போர் செய்தவர்களாலும் அந்தக் கடனை இல்லையென்று சொல்ல முடியவில்லை. சட்டத்தில் அது எங்களுடைய உரிமையாக எழுதப்பட்டிருந்தது. சேமிப்புக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் முகாமில் வரிசையில் நின்றே படித்தேன். என்னுடைய ஓய்வூதியத்தை ஒரு கணக்காக மாற்றினால், கணக்கில் உள்ளதுதான் எனக்கு. கணக்கு வற்றினால் கேட்பதற்கு ஆள் இல்லை.

கரைச்சி இளையவன் எழுதியது:

ரீச்சர், நீங்கள் எழுதியதை வாசித்த பிறகு மறுத்து எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் ஒரு விடயம். மாளிகாவத்தைக் கோப்பு உங்களைக் காப்பாற்றியதுபோல, ஒழுங்காகக் கண்காணிக்கப்படும் தனியார் நிதியின் பதிவேடும் காப்பாற்றியிருக்கக் கூடும். காணாமல் போன வைப்பகத்தையும் சட்டப்படி இயங்கும் நிதி நிறுவனத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. மேலும், அரசுகள் தனியாரிடமிருந்து திரும்ப எடுத்ததும் ஏழைகளின் மீதுள்ள அன்பினால் அன்று. ஆர்ஜென்ரீனா 1994இல் தனியார்மயமாக்கி 2008இல் முழுவதையும் எடுத்துக்கொண்டது. ஹங்கேரி 1998இல் தொடங்கியதை 2010இல் திருப்பியபோது, தனியார் நிதியில் தொடர்ந்து இருப்போருக்கு அரச ஓய்வூதியம் கிடையாது என்று மிரட்டியே மக்களை மாற்றினார்கள். இரண்டிடத்திலும் அரசுக்குக் கைமுட்டு இருந்தது.

பழைய இலிகிதர் எழுதியது:

தம்பி சொல்வதில் பிழை இல்லை. அந்த வரலாற்றின் மறுபாதியையும் வைக்கிறேன். 1994இல் உலக வங்கி முதுமை நெருக்கடி பற்றி வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு இந்தத் தனியார் கணக்குத் திட்டம் பல நாடுகளுக்குச் சென்றது. சர்வதேசத் தொழில் தாபனம் 2018இல் பார்த்தபோது, 1981 முதல் 2014 வரை தனியார்மயமாக்கிய 30 நாடுகளுள் 18 நாடுகள் முழுமையாகவோ பகுதியாகவோ திரும்பிவிட்டிருந்தன. எல்லா இடத்திலும் இடித்தது ஒரே கல்தான்: இளையவனின் பங்களிப்பு அவனுடைய கணக்குக்குப் போய்விட்டால், இன்று ஓய்வில் இருப்பவனுக்கு யார் கொடுப்பது? அரசு கடன்பட்டுக் கொடுக்க வேண்டும். திறைசேரியின் சுமையைக் குறைக்கத்தான் இதைச் செய்கிறோம் என்பவர்கள், முதல் முப்பது நாற்பது வருடங்களுக்குச் சுமையைக் கூட்டுகிற வழியைத் தெரிவு செய்கிறார்கள். சேமிப்புத்தான் நோக்கமென்றால் இது விசித்திரமான வழி. ஆகவேதான் நோக்கம் வேறெங்கோ இருக்கிறது என்கிறேன்.

முகாமையாளரை மாற்றலாம் என்றீர்கள். பிரித்தானியாவில் பிரதமர் தட்சர் காலத்தில் 1988 முதல் தனியார் ஓய்வூதியத்துக்கு மாறுமாறு விற்பனையாளர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். நல்ல தொழில்சார் ஓய்வூதியத்தை விட்டுவிட்டு மாறிய ஆசிரியர்களும் தாதியரும் சுரங்கத் தொழிலாளரும் ஏமாந்தது பின்னர் தெரியவந்து, நட்டஈடு மட்டும் 1,000 கோடி பவுண்களைத் தாண்டியது. மாறும் சுதந்திரம் இருந்ததால்தான் அவர்கள் ஏமாற்றப்பட்டார்கள். அமெரிக்க சமூகப் பாதுகாப்பின் நிர்வாகச் செலவு கொடுப்பனவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அங்கே தரகருக்கு வேலையே இல்லை. தரகருக்கு வேலை உண்டாக்க வேண்டும் என்பவரும், பொது உரிமையே கூடாது என்பவரும், சங்கங்களின் பலத்தை ஒடிக்க வேண்டும் என்பவரும் ஒரே மேடையில் ஏறிவிடுகிறார்கள்.

சிலியில் அந்தத் தனியார் திட்டத்தில் சேர்ந்தவர்கள் 2016இல் இலட்சக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். 2020, 2021இல் தங்கள் கணக்கிலிருந்து 10 சதவீதமாக மூன்று முறை எடுத்துத் தின்ன வேண்டி வந்தது. முதலாளியின் பங்களிப்பு 2025ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில்தான் அங்கே பெரிய அளவில் திரும்பி வந்தது.

ஆடைத்தொழிலாளி எழுதியது:

நான் இந்த விவாதத்தை மூன்று நாட்களாக வாசிக்கிறேன். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போதுதான் நேரம் கிடைக்கிறது.

நான் முன்னர் வேலை செய்த இடத்தில் ஒவ்வொரு மாதமும் சம்பளச் சிட்டையில் சேமலாப நிதிக்கென்று பணத்தை வெட்டினார்கள். விலகியபின் தொழில் திணைக்களத்தில் பார்த்தபோது பதினான்கு மாதங்களுக்குரிய பணம் என் கணக்குக்குப் போகவே இல்லை. சிட்டைகளை ஒரு கொப்பிக்குள் ஒட்டி வைத்திருந்ததால் முறைப்பாடு செய்ய முடிந்தது. என்னோடு வேலை செய்த பிள்ளைகள் பலர் சிட்டையை வைத்திருக்கவில்லை. இளைய அண்ணா சொல்லும் தனியார் நிதி வந்தாலும் பணத்தை வெட்டுவது அதே முதலாளிதான். அதைக் கேட்பதற்குத் திணைக்களம் என்று ஒன்று இல்லாமல் போனால் நாங்கள் யாரிடம் கொப்பியைக் காட்டுவது?

2011 மே இறுதியில் கட்டுநாயக்கவில் தனியார்துறை ஓய்வூதியச் சட்டமூலத்துக்கு எதிராகத் தொழிலாளர்கள் இறங்கியபோது பொலிசார் சுட்டதில் ரொஷான் சானக என்ற இளைஞர் உயிரிழந்தார். சட்டமூலத்தை மீளப் பெற்றார்கள். அது தனியார்மயம் இல்லை, அரசே கொண்டுவந்த திட்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஐந்தாறு வருடம் உழைத்து, திருமணத்தோடு சேமலாப நிதியை எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பும் பிள்ளைகளிடம் கேட்காமல் கொழும்பில் எழுதிய திட்டம் அது. அரசென்றாலும் கம்பனியென்றாலும் எங்களைக் கேட்காமல் எழுதுகிறார்கள் என்பதுதான் எங்களுக்குத் தெரிகிறது.

கரைச்சி இளையவன் எழுதியது:

தங்கச்சி சொன்னதோடு நான் ஓரடி பின்னால் வருகிறேன். கணக்கைத் தனியாரிடம் கொடுப்பதற்கு முன், சேமலாப நிதியை நடத்தும் இடத்தில் உறுப்பினர்கள் தெரிவு செய்த பிரதிநிதிகள் அமர வேண்டும் என்று கேட்பதே சரி. முறி வாங்கும்போதும் மறுசீரமைக்கும்போதும் அவர்களுடைய சம்மதம் வேண்டும். தனியார்மயத்தை விரும்புவோர் இதை ஒருபோதும் கேட்பதில்லை என்பதையும் இப்போது கவனிக்கிறேன்.

இன்னொன்று. என் மனைவி 2018இல் நியமனம் பெற்ற ஆசிரியை. இலிகிதர் ஐயா சொன்ன அந்தப் பந்தியை நேற்றிரவு அவருடைய கடிதத்தில் தேடிப் பார்த்தோம். இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. கையொப்பமிட்ட அன்று நாங்கள் இருவருமே அதை வாசிக்கவில்லை. நியமனம் கிடைத்த சந்தோசத்தில் பாற்சோறு காய்ச்சினோம்.

பழைய இலிகிதர் எழுதியது:

அந்தக் கடிதத்தின் மூலப் பிரதியையும், 2020இல் அந்த ஏற்பாட்டை விலக்கிய சுற்றறிக்கையின் பிரதியையும் ஒரே பைலில் வையுங்கள். வலயக் கல்வி அலுவலகத்தில் உள்ள அவருடைய சுயவிபரக் கோவையிலும் சுற்றறிக்கை இணைக்கப்பட்டிருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். இல்லையென்றால் கடிதம் கொடுத்து இணைப்பியுங்கள், கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பொலித்தீன் பை இரண்டு சுற்றுச் சுற்றினால் நல்லது.

மல்லாவி ரீச்சர் எழுதியது:

ரின்னுக்கு மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். என்னுடையதில் அதுதான் பிழையாய்ப் போனது.